பழைய காருக்குப் புதிய பொறி

கொழும்பில் வாழ்வோருக்கு ஐப்பசி மாதத்து மழையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பகல் முழுவதும் வெயில் எரிக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்துவிடும். அத்தகைய மழை ஓய்ந்த ஓரிரவில், மணி பதினொன்றைத் தாண்டிய வேளையில், என் தாயாருக்குத் தொய்வு கண்டது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற மொறிஸ் மைனர் காரில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றி அமர்த்திவிட்டுத் திறப்பைத் திருகினேன். எஞ்சின் சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் திருகினேன். மீண்டும் அதே கதை. பற்றரியின் வலுவும் குறைந்து, எஞ்சினின் சுற்று முனகலாக மாறிற்று. என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்ற கார் அது. "தம்பி, அதை விடு, ஒரு ஓட்டோவைக் கூப்பிடு" என்று அம்மா திணறிக்கொண்டே சொன்னார்.

முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். விடியுமுன் அம்மா நலமாகத் திரும்பிவிட்டார். ஆயினும் அந்தப் பதினைந்து நிமிட நேரம் என் மனத்தை விட்டு அகலவில்லை. பெற்றோல் இருந்தது, பற்றரி இருந்தது, எஞ்சினும் நல்ல நிலையில் இருந்தது. இல்லாமற் போனது ஒரு சிறு தீப்பொறி மட்டுமே. அந்தப் பொறியைத் தேடிப் புறப்பட்ட கதையையும், அதிற் பெற்ற பாடத்தையும், என்னைப் போன்று பழைய கார் வைத்திருக்கும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையதென நினைக்கிறேன்.

பழைய கார்கள் நம்மை விட்டுப் போகாத காரணம்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதை வடிவமைத்தவர், பின்னர் 'மினி' காரையும் படைத்துப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸ் என்பவர். பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய பெருமை அதற்கே உரியது. அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. எனினும் நம் நாட்டு வீதிகளில் அது இன்னமும் ஓடுகிறது. ஒஸ்ரின், வொக்ஸ்வாகன், பேஜோ ஆகிய அக்காலத்துக் கார்களும் அப்படியே.

இதற்குப் பற்று மட்டும் காரணமன்று. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பின்னர் கதவு திறந்தது. மறுபடியும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் அனுமதி கிடைத்தது. இடையில் 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், பின்னர் கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதையும் யாரும் மறந்திரார். இவ்வாறு காலத்துக்குக் காலம் கதவு அடைபடும் நாட்டில், கையில் இருப்பதைப் பேணி ஓட்டுவதே குடும்பஸ்தனுக்கு விவேகம் என்றாயிற்று. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில் வரிசை வரிசையாக உதிரிப்பாகக் கடைகள் செழிப்பதன் இரகசியமும் இதுவே.

டெல்கோ என்னும் நாட்டாமைக்காரர்

மறுநாட் காலை கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பாஸ் வந்தார். என் தந்தையார் காலத்திலிருந்து இந்தக் காரின் வைத்தியர் அவரே. பொனற்றைத் திறந்தார், நாற்புறமும் மோந்து பார்த்தார், உலர்ந்த துணியொன்றினால் வயர்களையும் மூடியையும் அழுத்தித் துடைத்தார், எஞ்சின் பற்றிக்கொண்டது. "வயர் கிழண்டிப் போய்விட்டது, மாஸ்டர். பொயின்றையும் ஒரு கை பார்த்து வைத்திருக்கிறேன்" என்றார். அவர் சொன்னவை இரண்டு. என் காதில் விழுந்ததோ பின்னது மாத்திரமே. அதனால் வந்த விளைவைச் சொல்லுமுன், இந்தப் பொயின்ற் என்பது யாது, அது செய்யும் வேலை யாது என்பதைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

பெற்றோல் எஞ்சினுள் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையைப் பற்றவைப்பதற்கு மின்பொறி தேவை. பற்றரி தருவது 12 வோல்ற்று. பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி தாவுவதற்கோ பல்லாயிரம் வோல்ற்று வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது கொயில். அதனுள்ளே தடித்த கம்பியாலான முதற்சுருளும் மெல்லிய கம்பியாலான துணைச்சுருளும் உண்டு. முதற்சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழும். அம்மின்னோட்டத்தைச் சடுதியாக அறுத்துவிட்டால் காந்தப்புலம் சரிந்து, துணைச்சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கும். 1831ஆம் ஆண்டு பரடே கண்ட மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மைதான் இது.

அறுக்கும் வேலையைச் செய்வதே பொயின்ற். அறுபடும் கணத்தில் அங்கே தீப்பொறி தாவி முனைகள் கருகாமற் காப்பது கண்டென்சர். பிறந்த மின்னழுத்தத்தை எந்தச் சிலிண்டருக்கு அனுப்புவது என்று பங்கிடுவது ரோட்டரும் மூடியும். இவை யாவும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய கருவியே டிஸ்ரிபியூற்றர். நம்மூர்க் கராஜ்களில் அதற்கு 'டெல்கோ' என்றுதான் பெயர். இப்பெயரின் பிறப்பு சுவையானது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் டேற்றன் நகரிலே சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் கூட்டாளி ஒருவருடன் 1909ஆம் ஆண்டு நிறுவிய ஆய்வுக்கூடக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்ததே டெல்கோ. பற்றரி, கொயில், பொயின்ற் என்னும் இந்த முறையைக் கார்களில் நிலைநாட்டியவர் அவரே. ஆகவே நம் மைனரில் இருப்பது பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் கம்பெனியின் கருவியானாலும், பாஸ்மாரின் வாயில் அது டெல்கோவாகவே வாழ்கிறது.

இந்தக் கருவிக்கு எவ்வளவு வேலை என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது, சுற்றுக்கு இரண்டு பொறியாக, நிமிடத்துக்கு 6000 பொறிகள், அதாவது விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் குறித்த கணத்தில் விழ வேண்டும். அந்த வேகத்தில் எஞ்சின் ஒரு பாகை திரும்ப எடுக்கும் நேரம் ஒரு விநாடியில் 18,000இல் ஒரு பங்கு.

கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகையால் பிஸ்ரன் உச்சிக்கு வருமுன்னரே பொறி விழுந்தாக வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முந்தி விழ வேண்டும். இதைத்தான் 'அட்வான்ஸ்' என்கிறோம். டெல்கோவின் அடியில் சுழன்று விரியும் இரு எடைகள் வேகத்துக்கேற்பவும், பக்கத்திலுள்ள வெற்றிடக் குடுவை பாரத்துக்கேற்பவும் இதைக் கவனித்துக்கொள்கின்றன.

பொயின்றின் குறையும் மின்னணுவின் வரவும்

பொயின்ற் எளிய கருவி. ஆனால் தேயும் கருவி. அதன் நார்ப்பொருளாலான குதி, சுழலும் தண்டின் மேட்டில் ஓயாமல் உராய்கிறது. குதி தேயத்தேய முனைகளின் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் முனைகள் தாமதித்துத் திறக்கும். பொறியும் தாமதித்து விழும். காருக்கு இழுவை குறையும். பெற்றோற் செலவு ஏறும். மைனரின் லூக்காஸ் டெல்கோவில் இந்த இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 வரை, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். எங்கள் பாஸ் பீலர் கேஜை நுழைத்து, கேஜ் இழுபடும் பிடிப்பை விரலால் உணர்ந்தே அதைச் சரிசெய்வார்.

கடலோரத்தில் குடியிருப்போருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. வெள்ளவத்தையில் உப்புக் காற்று ஆணியையும் விடுவதில்லை, பொயின்றையா விட்டுவைக்கும்? ஒரு மாதம் ஓடாமல் நின்ற காரில் முனைகள் களிம்பேறி மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, இக்காலத்தில் விற்பனையாகும் மலிவான கண்டென்சர்கள் பல, பழையன போல் உழைப்பதில்லை. புதிதாய்ப் போட்டது சில மாதங்களிலேயே செத்துப் போவதும் உண்டு.

இக்குறைகளைக் களையும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டிலேயே பொன்ரியாக் கார்களில் திரான்சிஸ்டர் கொண்ட பற்றவைப்பு முறையைக் கேட்டு வாங்கக்கூடியதாக இருந்தது. 1971ஆம் ஆண்டு ஜகுவாரின் 12 சிலிண்டர் எஞ்சின் பொயின்ற் இல்லாத லூக்காஸ் முறையுடன் வந்தது. 1973இல் கிறைஸ்லர் கம்பெனி தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் பொயின்றை நீக்கிவிட்டது. இன்றைய புதிய கார்களிலோ டெல்கோவே இல்லை. பிளக்குக்குப் பிளக் தனிக் கொயிலும், கட்டளையிட ஒரு கணினியும் வந்துவிட்டன.

பழைய கார்களுக்கென்று தனியார் கம்பெனிகள் செய்து விற்கும் மின்னணு டெல்கோக்களும் பலவிதம். பழைய டெல்கோவினுள் பொயின்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பொருத்தும் சிறு பெட்டி ஒரு வகை. எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்க, பொயின்ற் மட்டும் இல்லாத முழு டெல்கோ இரண்டாம் வகை. எடைகளையும் நீக்கி, முந்த வேண்டிய பாகையைக் கணினிச் சில்லே கணக்கிடும் டெல்கோ மூன்றாம் வகை. நெதர்லாந்தில் செய்யப்படும் '123' என்ற பெயருடையது இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஒரு சிறு திருகியைத் திருப்பி, அதிற் பதிந்துள்ள 16 கணக்குகளில் நம் எஞ்சினுக்குரியதைத் தெரிந்துகொள்ளலாம்.

இவற்றுட் பலவற்றில் பொயின்றின் வேலையைச் செய்வது காந்தமும், காந்தத்தை உணரும் ஒரு சில்லும். மின்னோட்டம் பாயும் தகட்டின் குறுக்கே காந்தப்புலம் அமைந்தால், தகட்டின் இருபுறத்துக்குமிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹோல் என்ற அமெரிக்க மாணவர் 1879ஆம் ஆண்டு கண்டறிந்தார். தண்டோடு சுழலும் காந்தம் கடக்கும்போதெல்லாம் சில்லு அதை உணர்ந்து, கொயிலின் மின்னோட்டத்தைத் திரான்சிஸ்டர் கொண்டு அறுக்கிறது. தொடுவது இல்லை, ஆகவே தேய்வதும் இல்லை. அறுபடுவதும் கூர்மையாக அறுபடும்.

இவ்வளவையும் படித்தறிந்த பின் மனம் சும்மா இருக்குமா? அடுத்த சனிக்கிழமையே பஞ்சிகாவத்தைக்குப் போய், இரண்டாம் வகை டெல்கோ ஒன்றை வாங்கி வந்துவிட்டேன்.

ஆசிரியருக்கு விழுந்த அடி

பாஸைக் கூப்பிடாமல் நானே பூட்டுவதென்று துணிந்தேன். பெளதிகவியல் கற்பிப்பவனுக்கு இரண்டு வயர்கள் ஒரு பொருட்டா என்பது என் நினைப்பு. கடதாசியிற் கண்டபடி சிவப்பு வயரை, திறப்பைத் திருகும்போது மின் வரும் முனையிலும், கறுப்பு வயரைக் கொயிலின் மறுமுனையிலும் கொடுத்தேன். திறப்பைத் திருகினேன். எஞ்சின் சுற்றியது, பொறி இல்லை. சில விநாடிகளில் மூடியின் அடியிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது.

நடந்தது யாதெனில், இன்றைய கார்களில் பற்றரியின் எதிர்முனை உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். நம் பாடநூல்கள் புவித்தொடுப்பு என்றும் கராஜ்காரர் எர்த் என்றும் கூறுவது இதைத்தான். மொறிஸ் மைனரிலோ, அக்காலத்து ஆங்கிலக் கார்கள் பலவற்றிற்போல, நேர்முனையே எர்த். ஆகவே நான் சிவப்பு வயரைக் கொடுத்த இடம் உண்மையில் எதிர்முனை. பொயின்றுக்கு இந்த வேற்றுமை ஒரு பொருட்டன்று. எத்திசையில் ஓடினாலும் அது அறுக்கும். திரான்சிஸ்டருக்கோ திசை மாறுவது உயிர்போகும் காரியம். எதிர்முனை எர்த்தாக உள்ள கார்களுக்கு மட்டும் என்று அதே கடதாசியின் மேற்பகுதியில் அச்சிட்டிருந்தது. மாணவர்களிடம், வினாவை முழுவதும் வாசியுங்கள் என்று நாள்தோறும் சொல்லும் நான், முதல் வரியை வாசிக்காமற் போனேன். கடைக்காரரிற் குற்றமில்லை, காரின் எர்த் எதுவென்று நானும் சொல்லவில்லை.

பாஸ் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "பரவாயில்லை, மாஸ்டர். எனக்கும் ஒரு தரம் இப்படி டைனமோ போயிருக்கிறது" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

முறையாகப் பூட்டும் விதம்

நேர்முனை எர்த்துக்கென்றே செய்த டெல்கோ ஒன்றைக் கேட்டு வரவழைத்தோம். காரையே எதிர்முனை எர்த்துக்கு மாற்றுவோரும் உளர். பற்றரி வயர்களை மாற்றி, கொயிலின் இரு வயர்களையும் இடம்மாற்றி, டைனமோவுக்கும் மறுதிசையில் காந்தம் ஊட்ட வேண்டும். தேர்ந்த கை இல்லாதவர் அதில் இறங்காதிருப்பது நன்று.

இம்முறை பாஸ் செய்ய, நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டேன்.

பற்றரியைக் கழற்றுமுன் பழைய பொயின்றோடேயே காரை நன்றாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். "நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கும்போது பல்லைப் பிடுங்கக் கூடாது" என்பது அவர் விளக்கம். வால்வு இடைவெளி, பிளக், கார்பரேற்றர் ஆகியவற்றிற் குறை இருக்கையில் டெல்கோவை மாற்றினால், எக்குறை எதனால் வந்தது என்று பின்னர் பிரித்தறிய முடியாது.

அடுத்துக் கொயிலை அளந்தார். பழைய முறைக் கொயிலின் முதற்சுருள் ஏறத்தாழ 3 ஓம் தடையுடையது. 12 வோல்ற்றுக்கு 4 அம்பியர் ஓடும். சில கார்களில் தனியான தடைக்கம்பியோடு சேர்த்துப் பாவிக்கும் 1.5 ஓம் கொயில் இருக்கும். அதைத் தடைக்கம்பி இன்றி நேரே கொடுத்தால் 8 அம்பியர் ஓடி, தாங்கும் வலுவற்ற சில்லைச் சுட்டுவிடும். புது டெல்கோவின் கடதாசி எத்தனை ஓம் கேட்கிறது என்பதைப் பார்த்தே கொயிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொள்ளும்படி என்னைப் பணித்துவிட்டு, ஹாண்டில் கம்பியால் எஞ்சினை மெல்லச் சுற்றினார். விரலைக் காற்று தள்ளும் வேளையே பிஸ்ரன் அமுக்கத்தில் மேலேறும் வேளை. மைனரில் முன்கப்பியின் விளிம்பில் ஒரு வெட்டும், உறையின் அடிப்புறத்தில் மூன்று முட்களும் உள்ளன. நீண்ட முள் உச்சநிலையையும், மற்ற இரண்டும் அதற்கு 5, 10 பாகை முந்திய நிலைகளையும் காட்டும். வெட்டு 5 பாகை முள்ளுக்கு நேரே வந்ததும் நிறுத்தினார். ரோட்டர் நோக்கிய திசையைச் சுண்ணக்கட்டியால் எஞ்சினில் கோடிட்டுக்கொண்டார். அதன் பின்னரே பழைய டெல்கோ வெளியே வந்தது.

இந்த எஞ்சினில் டெல்கோவின் அடிப்பல் நடுவிலிருந்து சற்று விலகி அமைந்துள்ளது. ஆகையால் புதியது ஒரே நிலையில்தான் உட்காரும். உட்கார்ந்ததும் ரோட்டரின் முனை மூடியில் முதலாம் வயரின் இடத்துக்கு எதிரே வரும்படி உடலைத் திருப்பி, பிடிப்பாணியை அரைகுறையாக இறுக்கினார். பற்றவைப்பு வரிசை 1, 3, 4, 2. ரோட்டர் மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் வயர்களும் அத்திசையிலேயே வரிசைப்பட வேண்டும். பழைய கண்டென்சருக்கு இனி வேலை இல்லை.

எஞ்சின் பற்றிக்கொண்டது. ஆனால் வேலை முடியவில்லை. பொயின்ற் காலத்தில், ஒரு சோதனை விளக்கைத் தொடுத்து, முனைகள் திறக்கும் கணத்தில் அது எரிவதைக் கொண்டு டைமிங் வைப்பார்கள். இந்த டெல்கோவுக்கு ஓடும் எஞ்சினிலேயே டைமிங் லைட் பிடித்துப் பார்க்க வேண்டும். வெற்றிடக் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, எஞ்சின் மெதுவாக ஓடுகையில், முதலாம் பிளக்கின் பொறிக்குப் பொறி மின்னும் அந்த விளக்கைக் கப்பியின்மேற் பிடித்தால், சுழலும் வெட்டு நின்றது போலத் தோன்றும். டெல்கோவைக் கடிகாரத் திசையில் நூலளவு திருப்பினால் பொறி முந்தும். மறுதிசையில் திருப்பினால் பிந்தும். கைந்நூலில் எஞ்சினுக்குக் குறித்த பாகையில் நிறுத்திப் பிடிப்பாணியை இறுக்கினார்.

அதன் பின் காரை ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதே இறுதிச் சோதனை. பாரத்தோடு ஏறும்போது சில்லறைக் காசைக் குலுக்குவது போல 'நொக்கிங்' சத்தம் கேட்டால் பொறி அளவுமீறி முந்துகிறது என்பது பொருள். அவ்வாறாயின் ஓரிரு பாகை பிந்த வைக்க வேண்டும். நொக்கிங்குடன் ஓட்டினால் பிஸ்ரன் பழுதாகும். தெஹிவளை மேம்பாலத்தில் கேளாத சத்தம் கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் கேட்கலாம். ஆகையால் தூரப் பயணத்திற்கு முன் இதை உறுதிசெய்து கொள்வது நல்லது.

இருளிற் கண்ட உண்மை

கார் முன்னெப்போதும் இல்லாத அமைதியோடு ஓடிற்று. காலையில் முதற் திருகலிலேயே எஞ்சின் எழுந்தது. நானும் பெருமிதத்தோடு சில மாதங்களைக் கழித்தேன். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. ஒரு மாலை, அம்மாவை ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்திலிருந்து திரும்புகையில், தேங்கிய நீரைக் கடந்ததும் கார் இருமிற்று, துள்ளிற்று, நின்றுவிட்டது. புதிய டெல்கோ, புதிய மூடி, புதிய ரோட்டர். ஆனால் அதே நோய்!

பாஸ் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. "நல்லதாய்ப் போயிற்று, மாஸ்டர். பகலென்றால் காட்ட முடியாது" என்று சொல்லி, பொனற்றைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைத் திறப்பைத் திருகும்படி சொன்னார். பின்னர் அவரும் நானும் இடம்மாறினோம். இருளில் நான் கண்ட காட்சியை மறக்க முடியாது. கொயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் வயரின்மீதும், பிளக் வயர்களின்மீதும் நீலநிறச் சிறு பொறிகள் மின்மினிபோல ஊர்ந்துகொண்டிருந்தன. வெடித்துப்போன ரப்பரின் ஈரத்தின் வழியே, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் எஞ்சினின் இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது.

அவர் முதல் நாளே சொன்ன சொல் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது: வயர் கிழண்டிப் போய்விட்டது! பொயின்ற் செய்யாத குற்றத்துக்குப் பொயின்றைத் தண்டித்துவிட்டு, குற்றவாளியைப் புது டெல்கோவில் கொண்டுபோய் மறுபடியும் பூட்டியிருந்தேன். மறுநாள் நான்கு பிளக் வயர்களும் கொயில் வயரும் புதிதாயின. அதிலும் வெறும் செப்புக்கம்பி வயராக இல்லாமல், வானொலிக் குறுக்கீட்டை அடக்கும் தடையுள்ள வயரையே தெரிந்தெடுத்தோம். செப்புக்கம்பி எழுப்பும் மின்னிரைச்சல் மின்னணுச் சில்லைக் குழப்பக்கூடும். அதன் பின் எத்தனையோ மழையைக் கண்டுவிட்டது அந்தக் கார், நின்றதில்லை.

மாற்றலாமா, வேண்டாமா?

நேயர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது. நாள்தோறும் ஓடும் காருக்கும், நல்ல பொயின்ற் கண்டென்சர் கிடைக்காத காருக்கும், டெல்கோவின் தண்டு தேய்ந்து ஆடத் தொடங்கிய காருக்கும் மின்னணு டெல்கோ நன்மையே செய்யும். நல்ல நிலையிலுள்ள பொயின்ற் டெல்கோவைவிட அது அதிக வேகத்தையோ அதிசயமான சிக்கனத்தையோ தந்துவிடாது. அது தருவது, வைத்த அளவு வைத்தபடி நிற்கும் உறுதி ஒன்றே.

அதற்கும் ஒரு விலை உண்டு. பொயின்ற் சாவதற்கு முன் இருமிக் காட்டும். நடுவீதியிலும் ஒரு நெருப்புப் பெட்டி மட்டையையும் நகவெட்டியின் அரத்தையும் கொண்டு வீடு வந்து சேருமளவுக்குச் சரிசெய்துவிடலாம். மின்னணுச் சில்லோ சொல்லாமற் போகும், போனால் போனதுதான். எனவே பழைய டெல்கோவைத் துடைத்து, எண்ணெயிட்டு, பொயின்றும் கண்டென்சரும் உள்ளே இருக்க, ஒரு பையிற் கட்டிக் காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன். சுண்ணக்கட்டிக் கோட்டைப் பெயின்றினால் நிரந்தரமாக்கிவிட்டேன். எஞ்சின் நிற்கும்போது திறப்பைத் திருகியபடியே விட்டுவிடக் கூடாது என்பதையும் வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். சில வகைச் சில்லுகள் அதனாலேயே சூடேறிப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கற்றது ஒன்று. புதிய கருவி எதுவாயினும் அது ஒரு குறையை மட்டுமே நீக்கும். நம் காரின் குறை அதுதானா என்று அறிந்த பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும். அதை அறிவதற்குச் செலவு இல்லை: ஓர் உலர்ந்த துணி, ஓர் இருண்ட இரவு, முப்பது வருடம் எஞ்சினைக் கேட்டுப் பழகிய ஒருவரின் சொல்லை முழுவதும் காதில் வாங்கும் பொறுமை. இவை போதும்.

மின்னணு வந்தபின் பாஸுக்கு எங்கள் வீட்டில் வேலை குறைந்துவிடுமே என்று ஒருநாள் வருத்தத்தோடு சொன்னேன். "பொயின்ற் போனால் என்ன, மாஸ்டர்? பிரேக் இருக்கிறது, கிங்பின் இருக்கிறது. அடுத்த மாதம் முன்சில்லு இரண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்றார். இம்முறை அவர் சொன்ன இரண்டையும் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டேன்.